க்ளவுஸ் போட்டா கை தடிக்குது, தும்மல் வருது. "பழகிடும்"னு சொல்றாங்க. பழகுமா?

ராத்திரி_ட்யூட்டி | பெரம்பூர் | செவ்வாய், இரவு 11.52

வணக்கம். மூணு வருஷமா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்குத்தான் எழுதறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

நான் ஸ்டாஃப் நர்ஸ். தனியார் ஆஸ்பத்திரி, சர்ஜிகல் வார்டு, ஒம்பது வருஷ சர்வீஸ். ரெண்டு வருஷம் முன்னாடி கை வறண்டு வெடிக்க ஆரம்பிச்சுது. நாள் பூரா கை கழுவறோம், சானிடைசர் போடறோம், அதான்னு விட்டுட்டேன். இப்போ கதை வேற. க்ளவுஸ் போட்ட அஞ்சு பத்து நிமிஷத்துல மணிக்கட்டுல, அந்தச் சுருட்டின விளிம்பு உக்கார்ற இடத்துல, கொசு கடிச்ச மாதிரி வரிசையா தடிப்பு. கழட்டி கழுவினா ஒரு மணி நேரத்துல இருந்த இடம் தெரியாது. அதனால யார்கிட்ட கொண்டுபோய்க் காட்டினாலும் "எங்க, ஒண்ணுமே இல்லையே"ன்னுதான் கேக்கறாங்க.

போன வியாழன் நடந்ததுதான் பயமா இருக்கு. அன்னிக்கு நான் க்ளவுஸே போடல, பெட்ஷீட் மாத்திட்டு இருந்தேன். பக்கத்து பெட்ல ட்ரெஸ்ஸிங் முடிச்ச அக்கா பட்டுனு ரெண்டு க்ளவுஸையும் உருவினாங்க. ட்யூப்லைட் வெளிச்சத்துல அந்த வெள்ளை மாவு பறந்து இறங்கறது அப்படியே தெரிஞ்சுது. அடுத்த நிமிஷம் ஏழெட்டு தும்மல், கண்ணு ரெண்டும் சிவந்து, நெஞ்சை யாரோ இறுக்கிப் பிடிச்ச மாதிரி. வராண்டாவுல போய் நின்னுதான் மூச்சு வாங்கினேன்.

மேட்ரன் மேடம் சொன்னது: "முப்பது பேர் போடறாங்க, உனக்கு மட்டும்தான் இந்தக் கதை. பழகிடும், போ." மெடிக்கல் ஷாப் அண்ணா ஒரு ட்யூப் குடுத்தாரு. தடவினா ரெண்டு நாள் பளபளன்னு இருக்கு, விட்டா மறுபடி அதே.

அடுத்த மாசம் எனக்கே கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷன் இருக்கு. அதனாலதான் கேக்கறேன். இது லேடெக்ஸ் அலர்ஜியா, அதாவது க்ளவுஸ் செய்யற ரப்பர் பாலே ஒத்துக்காததா, இல்ல நான்தான் பயந்துக்கறேனா?

சித்தமே_சிவம் | போரூர் | புதன், காலை 5.30

சிஸ்டர், உங்களுது சூட்டு உடம்பு. க்ளவுஸ் போடறதுக்கு முன்னாடி உள்ளங்கையில விளக்கெண்ணெய் ரெண்டு சொட்டு தேய்ச்சுக்கோங்க. ரப்பர் நேரா தோல்ல படாது.

பல்டாக்டர்_பாண்டி | மடிப்பாக்கம் | புதன், காலை 7.10

சிவம் அண்ணே, நல்ல மனசோட சொல்றீங்க, ஆனா இந்த விஷயத்துல எண்ணெய் எதிரி. எண்ணெய் பட்டா லேடெக்ஸ் ஊறி இத்துப்போகும், கண்ணுக்குத் தெரியாம கிழியும். அதோட க்ளவுஸ்ல இருக்கற புரதம் தோலுக்கு இன்னும் சுலபமா இறங்கும். ஆணுறையோட தேங்காய் எண்ணெய் கூடாதுன்னு சொல்றதுக்கும் இதே காரணம்தான்.

சிஸ்டர், எனக்கும் க்ளவுஸ் கதை ஒண்ணு உண்டு. சொல்றேன், ஆனா உங்க கதையும் என் கதையும் ஒண்ணு இல்ல. அதுதான் இங்க முக்கியம்.

க்ளவுஸால வர்றது மூணு விதம். முதலாவது அலர்ஜியே கிடையாது. வேர்வை, சோப்பு, சரியா துடைக்காத ஈரக்கை, மாவு உராயறது, இதுங்களால தோல் கெட்டுப்போறது. க்ளவுஸ் அரிப்புன்னு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க இந்தக் கூட்டம்தான். உங்களுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வந்ததும் இதுவா இருந்திருக்கலாம்.

ரெண்டாவது ஆள் நான். கிளினிக் ஆரம்பிச்ச நாலாவது வருஷம் விரல் இடுக்கெல்லாம் கொப்புளம், நீர் வடிஞ்சு, பொருக்கு தட்டி, கைய மடக்க முடியல. ஆனா க்ளவுஸ் போட்டவுடனே இல்ல. திங்கக்கிழமை போட்டா புதன்கிழமை பூக்கும். லேடெக்ஸ் அலர்ஜின்னு நானே முடிவு கட்டி, நைட்ரைல்னு செயற்கை ரப்பர் க்ளவுஸ் வாங்கினேன். நிக்கல! அப்புறம்தான் தோல் டாக்டர் முதுகுல வரிசையா பேட்ச் ஒட்டி, 48 மணி நேரம் குளிக்காதீங்கன்னு அனுப்பினாரு. மே மாசம், மெட்ராஸ் வெயில், ரெண்டு நாள் குளிக்காம. சம்சாரம் ஹாலுக்கு அனுப்பிட்டாங்க. எடுத்துப் பார்த்தா தயூரம் போட்ட கட்டம் சிவந்து வீங்கியிருக்கு. ரப்பரை இறுக வைக்கச் சேர்க்கற ரசாயனம் அது. ஆக்ஸிலரேட்டர்னு சொல்வாங்க. அந்தக் குடும்பத்து ரசாயனம் நைட்ரைல்லயும் போடறாங்க. அதான் மாத்தியும் நிக்கல. இப்போ ஆக்ஸிலரேட்டர் இல்லாத நைட்ரைல் வரவழைக்கிறேன், கை சுத்தமா இருக்கு. தொந்தரவு பெருசுதான், ஆனா இதுல உயிர் போகாது.

மூணாவதுதான் நிஜமான லேடெக்ஸ் அலர்ஜி. ரப்பர் மரத்துப் பாலோட புரதத்துக்கு எதிரா ரத்தத்துல ஐஜிஇங்கற அலர்ஜி எதிர்ப்புப் பொருள் உருவாகியிருக்கும். நிமிஷக் கணக்குல வரும், தடிப்பா வரும், மணிக்கணக்குல மறையும். மூக்கு, கண்ணு, நெஞ்சு எல்லாம் சேரும். நீங்க எழுதினது வரிக்கு வரி இதுதான். டெஸ்ட் பண்ணாம முடிவா சொல்லக்கூடாது, ஆனா பயந்துக்கறேனான்னு இனிமே கேக்காதீங்க. அந்த ட்யூபையும் தூக்கிப் போடுங்க, நாலு மருந்து கலந்த ஸ்டீராய்டா இருக்கும்.

ரிடயர்டு_ரயில்வே | அயனாவரம் | புதன், காலை 9.45

டாக்டர் தம்பி சொல்றது சரியா இருக்கலாம். ஆனா ஒரு சந்தேகம். நான் 31 வருஷம் கேரேஜ் ஷெட்டில் பிரேக் ஹோஸ் பைப் மாட்டினவன். ரப்பரிலேயே குளித்தோம். ஒருத்தனுக்கும் தும்மல் வந்ததில்லை. டயர் கடைக்காரன், செருப்பு தைக்கிறவன் எல்லாரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள்? இந்தத் தலைமுறைக்கு எதைத் தொட்டாலும் அலர்ஜி. சின்ன வயதில் மண்ணில் விளையாட விட்டிருந்தால் இதெல்லாம் வந்திருக்காது என்பது என் கருத்து.

குலசேகரத்தான் | வேளச்சேரி, சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம் | புதன், மதியம் 1.20

அய்யா, உங்க கேள்வி நல்ல கேள்வி. பதில் எனக்க வீட்டு முற்றத்துல இருக்கு. அப்பா பால்வெட்டுக்காரரு. விடியக்காலம் மூணு மூணரைக்கு தலையில லைட்டைக் கட்டிட்டு போவாரு. பட்டையச் சீவினா பால் சொட்டுச் சொட்டா சிரட்டைல விழும். அந்தப் பச்சைப் பால்ல மூணுல ஒரு பங்குதான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணி. புரதம் நூத்துக்கு ஒண்ணு, ஒண்ணரைதான் வரும்.

இனி அந்தப் பாலுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, ஆசிட் விட்டு உறைய வச்சு, மெஷின்ல ஷீட் அடிச்சு, புகைப்பெரைல காயப்போடறது. உறையும்போ பிரியுத தண்ணியோட புரதம் பாதி போகும். பிறகு ஃபேக்டரில அதைப் பிசைஞ்சு கடும் சூட்டுல வேக வைப்பாவ. டயரு, ஹோஸ் பைப்பு, செருப்பு எல்லாம் இந்த வழி. இதுல அலர்ஜி கிளப்புத புரதம் மிச்சம் ரொம்பக் கொறவு.

ரெண்டாவது வழி, பாலை உறைய விடாம அம்மோனியா சேத்து, சுத்த விட்டுக் கெட்டியாக்கி, பாலாவே விக்கது. 60 சதவீத ரப்பர்னு பேரல்ல போகும். க்ளவுஸ், பலூன், ஆணுறை, யூரின் ட்யூபு எல்லாம் அச்சை அந்தப் பால்ல முக்கி எடுத்துச் செய்யது. லேசா காய வச்சு வெந்நீர்ல அலசுவாவ. அலசல் கொறஞ்சா புரதம் அப்படியே அதுல நிக்கும்.

அதான் அய்யா, நீங்க தொட்டது வேகவச்ச ரப்பரு. சிஸ்டர் தொடுதது முக்கி எடுத்த ரப்பரு. ரெண்டும் ஒரே மரம்தான்.

ரிடயர்டு_ரயில்வே | அயனாவரம் | புதன், மதியம் 2.05

இப்படி யாரும் சொல்லவில்லை. புரிந்தது தம்பி. மண்ணில் விளையாடும் கருத்தை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.

மயக்கமருந்து_மணி | கீழ்ப்பாக்கம் | புதன், இரவு 9.30

அனஸ்தீசியா டாக்டர். இந்த இழையை இரண்டாவது கேஸுக்கும் மூன்றாவது கேஸுக்கும் நடுவே படித்தேன்.

"இந்தத் தலைமுறைக்கு மட்டும் ஏன்" என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ரப்பர் க்ளவுஸ் நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. ஆனால் க்ளவுஸால் உடனடித் தடிப்பு வருகிறது என்று நவீன மருத்துவ இதழில் வந்த முதல் குறிப்பு 1979, இங்கிலாந்து. அப்புறம் எய்ட்ஸ் வந்தது. 1987இல் அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி, எந்த நோயாளியின் ரத்தமானாலும் தொற்று உள்ளதாகவே நினைத்து க்ளவுஸ் போடுங்கள் என்றது. அதுவரை ஆபரேஷனுக்கு மட்டும் போட்டது, ஊசி குத்தவும் பெட்பேன் எடுக்கவும் கூட வந்தது. தேவை திடீரென்று பல மடங்கானது. குலசேகரத்தான் சொன்ன "அலசல்" பல தொழிற்சாலைகளில் அவசரத்தில் குறைந்தது. மாட்டச் சுலபமாக இருக்கட்டும் என்று உள்ளே சோளமாவு தூவினார்கள். வில்லன் மாவு இல்லை, மாவு வெறும் வாகனம். புரதம் அதில் ஏறிக்கொண்டு காற்றில் மிதக்கும். சிஸ்டர் ட்யூப்லைட்டில் பார்த்தது அதைத்தான். போடாமலே தும்மியதன் காரணமும் அதுதான்.

1990களில் அமெரிக்காவில் மருத்துவப் பணியாளர்களில் 8 முதல் 12 சதவீதம் பேருக்கு லேடெக்ஸுக்கு எதிரான உணர்திறன் இருந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். மாவில்லாத, புரதம் குறைந்த க்ளவுஸுக்கு மாறிய நாடுகளில் புது கேஸ்கள் மளமளவென்று இறங்கின. ஜெர்மனி 1990களின் கடைசியிலேயே மாவு போட்ட லேடெக்ஸ் க்ளவுஸை நிறுத்தியது. அமெரிக்கா 2017 ஜனவரியில் மாவு க்ளவுஸை மொத்தமாகத் தடை செய்தது. நம் ஊரில் நைனியப்ப நாயக்கன் தெருவில் போய்க் கேளுங்கள், "பவுடரா, பவுடர் ஃப்ரீயா சார்?" என்று இன்னும் கேட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

"பழகிடும்" என்பதற்கு என் பதில்: பழகாது, தலைகீழாகத்தான் போகும். தொடத்தொட எதிர்ப்பு ஏறும். கையில் ஆரம்பித்து மூக்குக்கு, மூக்கிலிருந்து நெஞ்சுக்கு. சிஸ்டர் அந்தப் படியில் எங்கே நிற்கிறார் என்பது அவர் எழுதியதிலேயே இருக்கிறது.

சிஸ்டர், மூன்று கேள்வி. வாழைப்பழம், அவகாடோ, கிவி சாப்பிட்டால் வாயில் ஏதாவது ஆகிறதா? பலூன் ஊதினால் உதடு வீங்கியதுண்டா? கர்ப்பப்பைக் கட்டிக்கு உள்வழி ஸ்கேன் எடுத்தார்களா, அதற்குப் பிறகு ஏதாவது தொந்தரவு?

ராத்திரி_ட்யூட்டி | பெரம்பூர் | வியாழன், காலை 8.15

சார், ட்யூட்டி முடிஞ்சு பஸ்ல உக்காந்து எழுதறேன். மூணாவது கேள்வியைப் படிச்சதும் கை சில்லுனு ஆயிடுச்சு.

வாழைப்பழம்: தொண்டை நமநமன்னு இருக்கும். சின்ன வயசுல இல்ல, இப்போ ஒரு வருஷமாத்தான். பழம் சரியா பழுக்கலன்னு நினைச்சிட்டிருந்தேன். கிவி ஒரே ஒரு தடவை, பேஷண்ட் ஒருத்தங்க குடுத்தாங்க, உதடு உள்பக்கம் வீங்கிடுச்சு. பலூன் ஊதி வருஷக்கணக்காச்சு.

ஸ்கேன்: ஆமா. ப்ரோபுக்கு ஆணுறைதான் மாட்டுவாங்க, நானே எத்தனை பேருக்கு எடுத்துக் குடுத்திருக்கேன். அன்னிக்கு ராத்திரி பூரா எரிச்சல், வீக்கம், உக்கார முடியல. யூரின் இன்ஃபெக்‌ஷன்னு அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் குடுத்தாங்க. கல்ச்சர்ல ஒண்ணும் வளரல. வெக்கப்பட்டுக்கிட்டு அதுக்கு மேல யாரையும் கேக்கல.

பல்டாக்டர்_பாண்டி | மடிப்பாக்கம் | வியாழன், காலை 8.40

சிஸ்டர், இன்னிக்கே க்ளவுஸ் மாத்துங்க. டெஸ்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம். சொந்தக் காசுல ஒரு பாக்ஸ் நைட்ரைல், நூறு எண்ணிக்கை. வேலை போனாலும் பரவால்லன்னு சொல்லல, ஆனா மூச்சு போகக்கூடாது.

ஜூஸ்கடை_ஜாஃபர் | ராயப்பேட்டை | வியாழன், மதியம் 12.10

ஒரு சின்ன டவுட்டு பாய். வாழைப்பழத்துக்கும் க்ளவுஸுக்கும் என்ன சம்பந்தம்? நம்ம கடையில பட்டர் ஃப்ரூட் ஜூஸ் தினம் அம்பது கிளாஸ் ஓடுது. பால் வர்ற மரத்துப் பழமெல்லாம் டேஞ்சரா? அப்போ பலா, சப்போட்டா?

மயக்கமருந்து_மணி | கீழ்ப்பாக்கம் | வியாழன், இரவு 10.05

பாய், பால் வடிவதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். எருக்கம்பாலும் பால்தான், ரப்பர் பாலோடு அதற்கு உறவு இல்லை. விஷயம் புரதத்தின் உருவத்தில் இருக்கிறது. ரப்பர் மரம் பூஞ்சையிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஹெவீன் என்றொரு புரதம் வைத்திருக்கிறது. வாழை, அவகாடோ, கிவி, செஸ்ட்நட் ஆகியவையும் அதே வேலைக்கு ஹெவீன் மாதிரி ஒரு துண்டைச் சுமக்கும் புரதங்களை வைத்திருக்கின்றன. ரப்பருக்காக உடம்பு செய்த ஐஜிஇ, பழத்தைப் பார்த்து ஆள் மாறி அடையாளம் பிடித்துவிடுகிறது. அண்ணனைத் தேடி வந்த போலீஸ் தம்பியைப் பிடித்த மாதிரி. பப்பாளி, தக்காளி, உருளைக்கிழங்கு, மாம்பழம் பற்றியும் குறிப்புகள் உண்டு, ஆனால் மேலே சொன்ன நான்கும்தான் தலை.

லேடெக்ஸ் அலர்ஜி உள்ளவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்கு இப்படி ஏதோ ஒரு தாவர உணவு ஒத்துக்கொள்ளாமல் போகிறது. எல்லாருக்கும் எல்லாப் பழமும் இல்லை. எந்தப் பழம் தொந்தரவு கொடுத்ததோ அதை நிறுத்தினால் போதும், பட்டியலைப் பார்த்துப் பட்டினி கிடக்க வேண்டாம். உங்கள் கடைக்கு ஆபத்தில்லை.

நிலா_அம்மா | கொளத்தூர் | வியாழன், இரவு 11.20

இந்த இழைல நான் எழுதணும்னு தோணுது. என் பொண்ணுக்கு ஏழு வயசு. பிறக்கும்போதே முதுகுத்தண்டு பிளவு, ஸ்பைனா பிஃபிடா. பிறந்த மூணாம் நாள் முதல் ஆபரேஷன், இதுவரைக்கும் ஆறு. யூரின் தானா வராது, ஒரு நாளைக்கு அஞ்சு தடவை நான்தான் ட்யூப் போட்டு எடுக்கணும்.

இந்தப் பிள்ளைங்களுக்கு லேடெக்ஸ் அலர்ஜி வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட ரொம்ப அதிகம்னு எங்களுக்கு யாரும் முதல்ல சொல்லல. குழந்தையிலேர்ந்தே ஆபரேஷன் க்ளவுஸ், ட்யூப் எல்லாம் உடம்புக்குள்ள பட்டுக்கிட்டே இருக்கறதுதான் காரணமாம். நாலு வயசுல அண்ணன் பிறந்தநாள். பலூனைக் கன்னத்துல வச்சு கீச்சு கீச்சுன்னு தேய்ச்சு விளையாடிச்சு. பத்து நிமிஷத்துல ஒரு பக்கக் கண்ணு மூடிக்கிச்சு, கன்னம் பன்னு மாதிரி ஆயிடுச்சு. தெருமுனை கிளினிக்ல அலர்ஜிக்குப் போடற ஒரு அவில் ஊசி போட்டு, கேக் க்ரீம் ஒத்துக்கலன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஒரு வருஷம் அந்தக் குழந்தைக்கு கேக் குடுக்காம இருந்தேன், பாவி.

இப்போ கடைக்குப் போனா யூரின் ட்யூபைக் கையில வாங்கிப் பாத்ததுமே சொல்லிடுவேன். மஞ்சள் பழுப்பா, தொட்டா சவசவன்னு இருந்தா லேடெக்ஸ். "சிலிகான் கோட்டட்"னு போட்டிருந்தாலும் உள்ளே லேடெக்ஸ்தான், மேல பூச்சு மட்டும்தான் சிலிகான். முழு சிலிகான் கண்ணாடி மாதிரி வெள்ளையா இருக்கும், விலை பல மடங்கு. தினசரி போடறதுக்கு பிவிசி ட்யூப் போதும். பிறந்தநாளைக்கு மினுமினுன்னு ஃபாயில் பலூன் வாங்கறோம். ஸ்கூல் பேக் ஜிப்புல ஒரு அட்டை தொங்கும்: "ரப்பர் க்ளவுஸ், பலூன், ரப்பர் பேண்ட் கூடாது." ஆண்டு விழாவுக்கு முன்னாடி நானே போய் ஹெச்எம்மைப் பார்த்துடுவேன். "அந்த பலூன் அம்மா வந்துட்டாங்க"ன்னு ஆயா சொல்றது காதுல விழும்.

ராத்திரி_ட்யூட்டி | பெரம்பூர் | வெள்ளி, காலை 6.50

அக்கா, "சிலிகான் கோட்டட்" விஷயம் எனக்கே தெரியாது. ஒம்பது வருஷமா போட்டிருக்கேன்.

மணி சார், என் ஆபரேஷனுக்கு நான் என்ன சொல்லணும்? யார்கிட்ட சொல்லணும்?

மயக்கமருந்து_மணி | கீழ்ப்பாக்கம் | வெள்ளி, மாலை 4.40

முதலில் டெஸ்ட். லேடெக்ஸுக்கான தனி ஐஜிஇ ரத்தப் பரிசோதனை எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்த ஐஜிஇ எடுத்துவிட்டு "ஜாஸ்தியா இருக்கு, அலர்ஜிதான்" என்பார்கள். தூசி, குடற்புழு, எதனாலும் அது ஏறும், லேடெக்ஸைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. தனி ஐஜிஇ 0.35க்கு மேல் இருந்தால் பாசிட்டிவ். நெகட்டிவ் வந்தாலும் உங்கள் கதையை வைத்து நான் உங்களை அலர்ஜி உள்ளவராகவே நடத்துவேன், இந்தப் பரிசோதனை சிலரைத் தவறவிடும். தோலில் குத்திப் பார்ப்பதை உயிர்காக்கும் ஊசியான அட்ரினலின் கையில் வைத்திருக்கும் இடத்தில் மட்டும் செய்துகொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒரு முறை பார்த்திருக்கிறேன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். வயிறு திறந்து நாற்பது நிமிடம், எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. வென்டிலேட்டர் அழுத்தம் ஏறியது, பிபி 60க்கு இறங்கியது. மயக்கத்தில் இருக்கிறவர் "அரிக்குது" என்று சொல்ல மாட்டார், துணிக்கு அடியில் தடிப்பும் தெரியாது. எல்லாரும் ரத்தம் கசிகிறதா என்று தேடினார்கள், நான் கொடுத்த மருந்தைச் சந்தேகப்பட்டேன். காரணம் சர்ஜனின் கையிலேயே இருந்தது. பொதுவாக மருந்து அலர்ஜி கொடுத்த நிமிடத்தில் தெரிந்துவிடும், லேடெக்ஸ் அரை மணி, ஒரு மணி கழித்து வரும். அவர் பிழைத்தார். அட்ரினலினால் பிழைத்தார், நான் கண்டுபிடித்ததால் இல்லை.

ஆகவே சர்ஜனிடம் சொல்லுங்கள், அனஸ்தீசியா பரிசோதனையில் சொல்லுங்கள், தியேட்டர் இன்சார்ஜ் சிஸ்டரிடமும் தனியாகச் சொல்லுங்கள். கடைசியில் டிராலி அடுக்குவது அவர்தான். காலை முதல் கேஸாகக் கேளுங்கள், ராத்திரியில் காற்றில் மிதந்த மாவெல்லாம் அடங்கியிருக்கும். தியேட்டரில் இருக்கும் அத்தனை பேரும் லேடெக்ஸ் இல்லாத க்ளவுஸ், "சர்ஜன் மட்டும்" இல்லை. யூரின் ட்யூப் முழு சிலிகான். கையில் கட்டும் டூர்னிகே, ட்ரிப் செட்டில் ஊசி குத்தும் ரப்பர் முனை, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக், இதெல்லாம் பார்க்க வேண்டியவை. முன்கூட்டி ஸ்டீராய்டு போட்டுக்கொண்டால் லேடெக்ஸ் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது தடுக்காது.

நிலா அம்மா எழுதிய "ஒரு அவில் ஊசி" என்னை உறுத்துகிறது. மூச்சு, பிபி, தொண்டை, இதில் ஒன்று சேர்ந்துவிட்டால் முதல் மருந்து அட்ரினலின். பெரியவர்களுக்கு அரை மில்லி, ஆயிரத்தில் ஒன்று என்ற செறிவில், தொடையின் வெளிப்பக்கத் தசையில். குழந்தைக்கு எடைக் கணக்கு. ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இன்னொன்று. படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள், 108க்கு அடியுங்கள். அவிலும் ஹைட்ரோகார்ட்டிசோனும் அப்புறம் வரட்டும், அவில் அரிப்பைத்தான் குறைக்கும், இரண்டும் அட்ரினலினுக்கு ஈடாகாது. தேறிய பிறகும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும், அடங்கியது மறுபடி எழும்பும்.

ஹவாய்_செருப்பு | அம்பத்தூர் | சனி, காலை 10.00

பாஸ், எனக்கு கால்ல செருப்பு வார் படற இடத்துல மட்டும் வி ஷேப்ல அரிப்பு, இப்போ அந்த இடம் வெள்ளையாவே ஆயிட்டு வருது. இதுவும் லேடெக்ஸா? வீட்டுக்கு வேற லேடெக்ஸ் பெயின்ட் அடிச்சிருக்கோம், அதைச் சுரண்டணுமா?

பல்டாக்டர்_பாண்டி | மடிப்பாக்கம் | சனி, காலை 11.30

பெயின்ட்டைத் தொடாதீங்க. பேர்தான் லேடெக்ஸ், உள்ளே இருக்கறது செயற்கைப் பிசின். ரப்பர் மரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

கால் விஷயம் என் ஜாதி, ரசாயனம். வெள்ளையாகறதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1939ல அமெரிக்காவுல ஒரு தோல் பதனிடற ஃபேக்டரி, ரப்பர் க்ளவுஸ் போட்ட தொழிலாளிங்க கை நிறம் போயிடுச்சு. தேடிப் பார்த்தா, ரப்பர் கெடாம இருக்கச் சேர்த்த மோனோபென்சைல் ஈதர்னு ஒரு சரக்கு நிறத்தைச் சாப்பிட்டிருக்கு. அதையே பிற்பாடு, வெண்புள்ளி உடம்பு பூரா பரவினவங்களுக்கு மிச்சமிருக்கற நிறத்தையும் எடுக்கற மருந்தா மாத்திட்டாங்க. உங்களுக்கு அதேதான்னு நான் சொல்ல முடியாது. இன்னிக்கே வேற செருப்புக்கு மாறுங்க, தோல் டாக்டரைப் பாருங்க, அந்தச் செருப்பையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. ஒரு துண்டு வெட்டி பேட்ச் டெஸ்ட்ல வைப்பாங்க.

ராத்திரி_ட்யூட்டி | பெரம்பூர் | 12 நாள் கழித்து, இரவு 9.15

ரிப்போர்ட் வந்துடுச்சு. லேடெக்ஸ் ஐஜிஇ 8.4. மூணாம் கிளாஸ்னு போட்டிருக்கு.

பேப்பரை எடுத்துட்டு மேட்ரன் மேடம்கிட்ட போனேன். ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் மேஜை டிராயரைத் திறந்து ஒரு டெரிஃபிலின் ஸ்ட்ரிப்பை எடுத்து வச்சாங்க. "எனக்கு பதினாறு வருஷமா வீசிங். தியேட்டர்ல இருக்கும்போது ஆரம்பிச்சுது. லீவுல ஊருக்குப் போனா வராது. மெட்ராஸ் தூசின்னு நினைச்சேன்"னாங்க. அவங்களும் ரத்தம் குடுத்துட்டு வந்திருக்காங்க.

இப்போதைக்கு எங்க வார்டுக்கு மட்டும் பவுடர் இல்லாத நைட்ரைல். பர்ச்சேஸ்ல பாக்ஸுக்கு இவ்வளவு அதிகமான்னு சண்டை நடக்குது. மத்த வார்டுல மாவுதான். நான் அங்க போறப்போ மாஸ்க்.

ரிடயர்டு_ரயில்வே | அயனாவரம் | அன்று இரவு 9.40

அம்மா, மற்ற வார்டுக்கும் மாற்றாமல் உனக்கு மட்டும் மாற்றி என்ன பயன்? காற்றுக்கு வார்டு நம்பர் தெரியுமா? எழுத்து மூலமாகக் கொடு, ஒரு நகல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள். 31 வருட யூனியன்காரன் சொல்கிறேன்.

குலசேகரத்தான் | வேளச்சேரி | அன்று இரவு 10.10

அப்பாட்ட இதெல்லாம் போன்ல சொன்னேன். "நம்ம பாலு கொண்டு ஒரு பிள்ளைக்கு மூச்சு முட்டுதா?"ன்னு கேட்டுட்டு கொஞ்ச நேரம் மிண்டாம இருந்தாரு.

ராத்திரி_ட்யூட்டி | பெரம்பூர் | மூன்று வாரம் கழித்து, மாலை 6.30

எல்லாருக்கும் நன்றி. முந்தாநாள் ஆபரேஷன் முடிஞ்சுது, பெட்ல படுத்துக்கிட்டுத்தான் எழுதறேன். காலை ஏழரை மணி, முதல் கேஸ். தியேட்டர் கதவுல பெரிய எழுத்துல "லேடெக்ஸ் அலர்ஜி, உள்ளே வரும்முன் கேட்கவும்"னு ஸ்கெட்ச் பேனாவுல எழுதி ஒட்டியிருந்தாங்க. டிராலில க்ளவுஸ் எல்லாம் பச்சைக் கவர். இன்சார்ஜ் அக்கா யூரின் ட்யூபைத் தூக்கிக் காட்டி "பாத்துக்கோ, வெள்ளை"ன்னாங்க. நிலா அம்மாவை நினைச்சுக்கிட்டே மயங்கிட்டேன். எந்தப் பிரச்சனையும் வரல.

இன்னிக்கு மதியம்தான் முதல் சாப்பாடு. டயட் கிச்சன்லேர்ந்து தட்டு வந்துது. ஃபைல்ல சிவப்புல எழுதியிருக்கு, கையில சிவப்பு பேண்ட் கட்டியிருக்கு. தட்டுல இட்லி, ரப்பர் பேண்ட் போட்ட கவர்ல சாம்பார், ஓரமா ஒரு ரஸ்தாளி.

நிலா_அம்மா | கொளத்தூர் | மாலை 6.34

ஐயையோ. என்ன பண்ண?

ராத்திரி_ட்யூட்டி | பெரம்பூர் | மாலை 6.41

பழத்தைப் பக்கத்து பெட் பாட்டிக்குக் குடுத்துட்டேன். சாம்பார் கவரை அவங்களே பிரிச்சு ஊத்தினாங்க. "இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு வாழைப்பழம் கூட ஆகலை"ன்னு புலம்பிக்கிட்டே சாப்பிடறாங்க.